எட்டுப் பேர் வளையம்

அந்தப் பருவத்துச் செய்முறைத் தேர்வில் திருமூர்த்திக்கு எட்டாவது கண்ணி ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற ஏழு கண்ணிகளையும் வகுப்பில் மற்ற ஏழு பேர் எடுத்துக்கொண்டார்கள். எட்டாவது ஆள்தான் வளையத்தை மூட வேண்டும். அறிவிப்புப் பலகையில் அவன் பெயருக்கு நேரே அப்படித்தான் போட்டிருந்தது: மூடுபவர்.

அவன் அதை மூன்று முறை படித்தான். பிறகு நாட்குறிப்பில் எழுதினான்.

"மாலை 5.10. நான்தான் மூட வேண்டும். வேறு திருமூர்த்தி யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கவும்."

விசாரித்தான். இல்லை.

பகலில் திருமூர்த்தி பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறான். ஒவ்வொரு சுற்றையும் எண்ணுவான். எண்ணியது சரிதானா என்று அவிழ்த்து எண்ணுவான். மாலையில் கரிம மின்னணுவியல் பட்டய வகுப்பு. கார்பன் மூலக்கூறுகளை வளையமாகக் கட்டி, அதில் மின்சாரத்தை ஓடவிட்டு, ஒளிர வைத்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் திரை செய்கிற படிப்பு. மூலக்கூறுகளை வெளியில் வாங்கினால் தரம் இருப்பதில்லை. அதனால் மாணவர்களை வைத்தே செய்துகொள்கிறார்கள்.

அவனுக்கு இது இரண்டாம் தடவை. போன தடவை கையை நீட்டலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றாம் தடவை கிடையாது. இரண்டு முறையும் வளையாதவர்களை அவினாசி சாலைத் தொடரில் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நேராக நிற்கிற தொடர் அது. அதன் கடைசி ஆள் இப்போது கருமத்தம்பட்டி தாண்டி நிற்கிறார். போதுமான நீளம் ஆனதும் பிளாஸ்டிக் வாளி செய்ய எடுத்துக்கொள்வார்கள்.

மரியாதையான வேலைதான். ஆனால் திருமூர்த்திக்கு வாளியாக விருப்பம் இல்லை.

போன வருடம் அவனுக்கு முன் பெஞ்சில் இருந்த ரங்கநாதன் தொடரில்தான் இருக்கிறான். வாய் மாறி வாய் மாறி அவனிடமிருந்து ஒரு செய்தி வந்து சேர்ந்தது. "நல்லா இருக்கேன். முதுகு அரிக்குது."

தேர்வு பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வளையம் கட்டப் பெரிய இடம் வேண்டும். ஆட்கள் நெருக்கமாக நின்றால் யாராவது யார் கையையாவது பிடித்துத் தொடராக இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுற்றிலும் ஆளே இல்லாமல் இருந்தால்தான் ஒரு வரிசையின் தலை வேறு வழியில்லாமல் தன் வாலைத் தேடும். இதற்கு நீர்த்தல் விதி என்று பெயர். எட்டுப் பேருக்கு ஆயிரத்து அறுநூறு காலி நாற்காலி. நாற்காலிகள்தான் கரைப்பான். சிவப்பு நிறம்.

திருமூர்த்தி எண்ணினான். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. மறுபடி எண்ணினான். ஆயிரத்து அறுநூறு. மூன்றாவது தடவை எண்ண நேரம் இல்லை. அது அவனை உறுத்தியது.

விரிவுரையாளர் குழந்தைவேலு இரட்டைப்படை நிமிடங்களில் மட்டும் இருப்பார். ஒற்றைப்படை நிமிடங்களில் இருக்க மாட்டார். பணி நியமன ஆணையிலேயே அப்படித்தான்.

5.42க்கு அவர் மேடை ஓரத்தில் இருந்தார். "எல்லாரும் சட்டத்த மாட்டிக்குங்க. முக்கியமா ஒண்ணு சொல்லோணும். எக்காரணங் கொண்டும்..."

5.43 ஆனது. அவர் இல்லை.

"எக்காரணங் கொண்டும் என்னவாமா?" என்றாள் சௌடேஸ்வரி. அவள் முதல் கண்ணி. நாற்பது வயது. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

"தெரியலைங்கக்கா," என்றான் திருமூர்த்தி.

5.44க்கு விரிவுரையாளர் திரும்ப இருந்தார். "புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங் சார்," என்றார்கள் எட்டுப் பேரும்.

சட்டம் என்பது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அலுமினிய அறுகோணம். ஆறு மூலையும் கறாராக இருக்கும். அது வளையாது. வளையாத ஒன்றை மாட்டிக்கொண்டு எட்டுப் பேரும் வட்டமாக வளைந்து நிற்பதுதான் தேர்வு. இரண்டு கைகளும் பிடிபட்டுவிடும் என்று தெரிந்து திருமூர்த்தி ஏற்பாட்டோடு வந்திருந்தான். நாட்குறிப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டு, அறுகோணத்தின் முன் மூலையில் மேஜை போல் விரித்து வைத்தான். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டான். இரண்டு வாரம் வீட்டில் பழகியிருந்தான். கையெழுத்து முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

தரகர் சென்னியப்பன் வந்தார். அவர்தான் வினையூக்கி. பகலில் கல்யாணத் தரகர். மாலையில் இந்த வேலை. இரண்டு பேரைச் சேர்த்து வைப்பார், தான் எதிலும் சேர மாட்டார். எத்தனை பேரைச் சேர்த்து வைத்தாலும் வந்தபடியே திரும்பிப் போவார். வேட்டி மடிப்புகூடக் கலையாது.

"ஏனுங் அம்முணி," என்றார் சௌடேஸ்வரியிடம். "இந்தப் பையன் கையப் பாருங். வேர்க்காது. ஒரு கெட்ட பழக்கம் இல்ல. புடிச்சுக்குங்."

"கைய மட்டுந்தானுங்களே?"

"கைய மட்டுந்தானுங்க. மத்ததெல்லாம் பகல்ல பேசிக்கலாம்."

சௌடேஸ்வரி பிடித்துக்கொண்டாள். இரண்டாவதோடு மூன்றாவது. மூன்றாவதோடு நான்காவது, அவர் பெனடிக்ட், தபால்காரர். இருபத்தைந்து நிமிடத்தில் தரகர் வரிசையின் கடைசிக்கு வந்தார்.

"நட்சத்திரம்?" என்றார் திருமூர்த்தியிடம்.

"கேட்டைங்க."

"போகுது. கடைசில நிக்கறவனுக்கு எதா இருந்தா என்ன."

அவன் இடது கையை ஏழாவது கண்ணியோடு சேர்த்துவிட்டு நகர்ந்தார். வலது கை காலியாக இருந்தது. மேடையிலிருந்து பந்திக் கூடத்து வாசல் வரை வரிசை நூல் பிடித்தது போல் நின்றது. நேராக நிற்பது சுகமாகத்தான் இருந்தது. யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை. அதுதான் ஆபத்து.

6.25க்கு ஒறம்பரை, கல்யாணத்துச் சொந்தபந்தங்கள், வர ஆரம்பித்தார்கள். அந்த மண்டபத்தில் எட்டு மணிக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. சீக்கிரம் வந்தால் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி கிடைக்கும் என்று சீக்கிரம் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கரைப்பானில் உட்கார்ந்தார்கள். நீர்த்தல் குறைந்தது. திருமூர்த்தி குறித்துக்கொண்டான். "6.27. பதினொரு பேர். ஒரு குழந்தையை அரை என்று கொள்ளலாமா?"

பட்டுச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் நேராக அவனிடம் வந்தார். கையை நீட்டினார்.

"வாப்பா. பொண்ணு ஊடா, மாப்பள ஊடா?"

"கார்பனுங்க."

"அப்பப் பொண்ணு ஊடு. கையக் குடு."

திருமூர்த்தியிடம் இருந்தது ஒரே ஒரு கை. கும்பிடலாம் என்றால் அதற்கு இரண்டு கை வேண்டும். பெரியவரின் மறு கையை அவர் மனைவி பிடித்திருந்தாள். அவள் கையை அவள் தங்கை. தங்கை கையை யாரோ ஒரு மச்சான். அப்படியே வாசல் தாண்டித் தெருவரை போயிற்று. தொட்டால் முடிந்தது. வாளிகூட இல்லை, கல்யாண வீடு.

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ஏனப்பா," என்றார் பெரியவர். "கை குடுத்தாத் தேஞ்சா போயிருவ?"

"இல்லீங்க. சேந்து போயிருவேனுங்க."

"சேரட்டுமே! சொந்தம்னா சேரத்தான செய்யும்?" அவர் பின்னால் திரும்பினார். "இங்க பாருங்கப்பா, பையன் பெரிய மனுசனாயிட்டான். கை குடுக்க மாட்டானாமா."

தெருவரை நின்ற சொந்தபந்தம் முழுவதும் திரும்பி அவனைப் பார்த்தது.

6.32 ஆனது. விரிவுரையாளர் நாற்காலிகளுக்கு நடுவே இருந்தார். முகம் வெளிறியிருந்தது. "திருமூர்த்தி! கைய மட்டும்..."

6.33.

திருமூர்த்தி அதை இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்தான். கையை மட்டும் நீட்டவா? கையை மட்டும் நீட்டாமல் இருக்கவா? "கைய என்ன பண்ணச் சொன்னாருங்க?" என்று பல்லில் பென்சிலோடு கத்தினான்.

"குடுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சுங்க," என்றார் பெனடிக்ட் வரிசையின் நடுவிலிருந்து. "குடுக்காதேன்னும் இருக்கலாம். கடுதாசி பாதில நனஞ்சு போனா இப்படித்தான்."

"ரெண்டுல எதுங்க?"

"நான் போய்க் குடுக்கறவன் தம்பி. பிரிச்சுப் பாக்கறவன் இல்ல."

பெரியவரின் விரல் நகங்கள் அவன் சட்டையைத் தொட்டன. திருமூர்த்தி கையைப் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டான். அது சரியா தவறா என்று எழுத நினைத்தான். அதற்குள் மேடைப் பக்கத்திலிருந்து சௌடேஸ்வரியின் குரல் வந்தது.

"தம்பீ! மரமாட்ட நிக்காதீங்க! வளையுங்க! நின்னீங்கன்னா புடிச்சுப் பந்தில உக்கார வெச்சிருவாங்க!"

வளைந்தார்கள். எட்டுச் சட்டங்களும் முனகின. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மூலை குத்தியது. திருமூர்த்தி மேடையைப் பார்த்து மூன்று அடி வைத்தான். மண்டபம் இரண்டரை அடி நீண்டது. அரை அடி லாபம். இந்தக் கணக்கில் போனால் நூற்றெண்பது அடி வைத்தால் போய்ச் சேரலாம் என்று மனதில் கணக்குப் போட்டான். பாதி வழியில் மண்டபத்துக்குக் கூடுதலாக நான்கு தூண்கள் முளைத்தன. அவற்றையும் சேர்த்துக்கொண்டான். பெரியவரின் குரல் பின்னால் சின்னதாகிக்கொண்டே போயிற்று. "எந்த ஊட்டுப் பையனப்பா அது" என்றது கடைசியாகக் கேட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் சௌடேஸ்வரியின் கை தெரிந்தது. நகக்கண்ணில் ஜெராக்ஸ் மை. இருவர் கைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. எட்டுப் பேரும் நடுவட்டத்தைப் பார்த்தபடி, பின்பக்கம் சாய்ந்து, கிணற்றை எட்டிப் பார்க்க மறுப்பவர்கள் போல் நின்றார்கள்.

தரகர் நிதானமாக வந்தார். "சொந்தத்துக்குள்ளயே முடிக்கறதுன்னா எப்பவுஞ் சிரமந்தானுங்க. ரெண்டு பக்கமும் வளஞ்சு குடுக்கோணும். எங்க, நீட்டுங்."

திருமூர்த்தி நீட்டினான். பாதியில் நிறுத்தினான். "அக்கா, அது உங்க இடது கைதானுங்களே?"

"பொறந்ததுல இருந்து இடது கைதான். இன்னைக்கு மாத்தல."

தரகர் இரண்டு கைகளையும் சேர்த்தார். டிபன் பாக்ஸ் மூடுவது போல் ஒரு சத்தம் கேட்டது. அவர் வேட்டியை உதறிப் பார்த்துக்கொண்டு, வந்தபடியே போனார்.

வளையம் மூடிவிட்டது. திருமூர்த்தி பென்சிலால் எழுதினான். "7.04. மூடியது." கொஞ்சம் யோசித்து, கேள்விக்குறி போட்டான்.

7.05க்கு வெளித்தேர்வாளர் ஹெப்சிபா மேடம் உள்ளே வந்தார். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். கைப்பையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியும் ஒரு படிவமும் வைத்திருந்தார். வளையத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"மூடியிருக்கு. சரி. ஒளி எங்க?"

எட்டுப் பேரும் குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர் வளையம் நீலமாக ஒளிரும். எட்டுப் பேர் வளையம் பச்சை கலந்த மஞ்சள். ஐந்து பேர் என்றால் இருட்டுதான். அவ்வளவு வளைந்தவர்களுக்கு ஒளிர மனம் வராது. இதெல்லாம் பாடத்தில் இருந்தது. எட்டுப் பேர் இருந்தும் ஒளிராததைப் பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

மேடம் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஓர் எலெக்ட்ரான். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெட்டி திறந்ததும் எட்டுப் பேருக்கும் யாரோ தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது. அதை எடுத்து சௌடேஸ்வரியின் தோளில் வைத்தார்.

சௌடேஸ்வரிக்கு லேசாக ஏப்பம் வந்தது. "போயிருச்சுங்க," என்றாள். இரண்டாவது ஆளுக்கு ஏப்பம். மூன்றாவது ஆளுக்கு ஏப்பம். "அனுப்பியாச்சு," என்றார் பெனடிக்ட். ஐந்து, ஆறு, ஏழு. பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

மேடம் மறுபடி சுற்றி வந்தார். கடையில் தேங்காய் பார்ப்பது போல் ஒவ்வொருவர் தோளையும் சுண்டிக் கேட்டார். திருமூர்த்தியிடம் நின்றார்.

"இங்க நிக்குது."

"எங்கிட்டயாங்க? வந்துச்சான்னுதான் பாத்துட்டே இருக்கறனுங்."

"பாத்துட்டே இருந்தா அது எப்படிப் போகும்?" அவர் குனிந்து நாட்குறிப்பைப் படித்தார்.

"7.09. எலெக்ட்ரான் வந்தது."

"7.09. வந்ததா?"

"7.10. வந்தது என்றே நினைக்கிறேன்."

"7.11. உறுதி செய்யவும்."

"நாலு வரி," என்றார் மேடம். "நாலு தடவ புடிச்சுக் கட்டியிருக்கீங்க." படிவத்தில் 'குறைபாடுகள்' என்ற இடத்தில் 'அடைப்பு: ஒன்று' என்று எழுதினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தேர்வு முடிய இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தொடருக்கு ஆள் எடுக்கிற வேன். ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவில்லை.

"நான் என்னங்க பண்ணோணும்?"

"எழுதினத அடிங்க."

"அடிச்சுட்டா வந்ததுக்கு ஆதாரமே இருக்காதுங்களே."

"இருக்காது."

"நாளைக்கு யாராச்சும் கேட்டாங்கன்னா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

திருமூர்த்தி இருபத்து மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை ஒருவரிடமும் சொன்னதில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்து போனதில்லை. வேன் ஒருமுறை ஹாரன் அடித்தது.

"தம்பி," என்றாள் சௌடேஸ்வரி. அவன் கையை அழுத்தினாள். "என்ற கடைல ஒரு நாளைக்கு ஆயிரம் பேப்பரு கை மாறுது. செத்தவங்க சர்டிபிகேட்டு, கட்டிக்கப் போறவங்க ஜாதகம், எல்லாந்தேன். ஒண்ணக்கூட நான் படிச்சதில்ல. படிச்சிருந்தா எப்பவோ கடையச் சாத்தியிருப்பேன். உடுங்க, போகட்டும்."

அவன் குனிந்தான். முதல் வரியை அடித்தான். இரண்டாவதை அடித்தான். மூன்றாவது சுலபமாக இருந்தது. 'உறுதி செய்யவும்' என்பதை அடிக்கும்போது பென்சில் முனை உடைந்தது. 'செய்யவும்' மட்டும் மிச்சம் நின்றது.

"இன்னும் ஒரு நிமிஷந்தான்," என்றார் மேடம்.

கூராக்க வேண்டும். கூராக்கக் கை வேண்டும். கை இல்லை. திருமூர்த்தி மிச்சம் நின்ற வார்த்தையை ஒரு தடவை பார்த்தான். பிறகு பென்சிலைத் துப்பினான். அது நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு போயிற்று. எங்கே போய் நின்றது என்று அவன் பார்க்கவில்லை.

ஏப்பம் வந்தது.

ஒளி அவன் முழங்கையில்தான் முதலில் தெரிந்தது. பாதி பழுத்த எலுமிச்சை நிறம். அது சௌடேஸ்வரிக்குப் போயிற்று, சுற்றி வந்தது, பிறகு சுற்றவும் இல்லை. எல்லோரிடமும் ஒரே சமயத்தில் இருந்தது. யாரிடம் இருக்கிறது என்று மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். எட்டுப் பேரும் தெரியாது என்றார்கள். திருமூர்த்தியும் சொன்னான். சொல்ல ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஒறம்பரை கைதட்டினார்கள். வரவேற்பு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள். பட்டுச் சட்டைப் பெரியவர் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "லைட் செட்டு எந்த ஊருங்க? நம்ம சின்னவன் கல்யாணத்துக்குச் சொல்லி வெக்கோணும்," என்றார்.

மேடம் படிவத்தில் 'அடைப்பு' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேன் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கருமத்தம்பட்டி திசையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்கள். எட்டுப் பெயர்களையும் வட்டமாக எழுதியிருந்தார்கள். யாரிடமிருந்து படிக்க ஆரம்பித்தாலும் சரியாக வந்தது.

"மேடம், இதக் கழட்டறது எப்படிங்க?" என்றார் பெனடிக்ட்.

"அது அடுத்த பருவம்," என்றார் மேடம். மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் காலியாகவே மூடிக்கொண்டு கிளம்பினார்.

7.22க்கு விரிவுரையாளர் இருந்தார். கண் கலங்கியிருந்தார். "எல்லாரும் பாஸு! வீட்டுக்குப் போறப்ப மட்டும் மறந்துராம..."

7.23.

எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். 7.40க்குப் பேருந்து. கிளம்பினார்கள். பக்கவாட்டில் திரும்பி, எட்டுப் பேரும் அவரவர்க்கு முன்னால் நடந்தார்கள். வளையம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வேகமாக நடந்து பார்த்தார்கள். வேகமாகச் சுற்றியது. குழந்தைகள் கூடவே ஓடி வந்தன.

"நில்லுங்க," என்றார் பெனடிக்ட். "எல்லாரும் முன்னால நடந்தா எல்லாரும் இங்கயேதான் இருப்போம். பாதிப் பேரு பின்னால நடக்கோணும்."

பழையபடி நடுவட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். வாசல் பக்கம் நின்றது திருமூர்த்தி. அவனுக்கு நேர் எதிரே பெனடிக்ட். ஆக, எல்லோருக்கும் முன்னால் போக வேண்டியவன் அவன்தான். வழியைப் பார்க்க முடியாதவனும் அவன்தான். அவன் கழுத்தைத் திருப்பினான். அலுமினிய மூலை விலாவில் குத்தியது. திருப்ப முடியவில்லை.

"எனக்குத் தெரியுது தம்பி," என்றார் பெனடிக்ட். மஞ்சள் வெளிச்சத்தில் அவர் முகம் ஒரு தபால்பெட்டி போல் நம்பிக்கையாக இருந்தது. "இந்த ஏரியா நான் தபால் போடற லைன். நடங்க."

திருமூர்த்தி பின்னால் ஓர் அடி வைத்தான். ஏழு பேரும் அவனோடு வந்தார்கள்.

"படி. எறங்கோணும். மூணு."

இறங்கினான். வாழை மரத் தோரணம் தலையில் உரசியது. வாசல் தாண்டியது. காற்று வந்தது. பின்னால் எங்கோ பேருந்து ஹாரன் கேட்டது.

"அக்கா, தூரமுங்களா?"

"எனக்கென்ன தெரியும், நானும் பின்னாலதான நடக்கறேன்," என்றாள் சௌடேஸ்வரி. "பேசாம வாங்க."

"இப்பச் சாக்கடை," என்றார் பெனடிக்ட். "மூடி ஒண்ணு உண்டு. ஒரு ஆளு அகலந்தான். வலது கால நல்லா எட்டி வைங்க."

திருமூர்த்தி வலது காலைத் தூக்கினான். எவ்வளவு எட்டி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வைத்தான்.

தரை இருந்தது.